உச்சி வேளையில் நிழல் எந்தப் பக்கம்?

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர். வகுப்பறைக்கு வெளியே பாடம் நடத்துவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஒரு மூங்கில் குச்சியிலிருந்து தொடங்குகிறேன்.

பல வருடம் நான் ஆறாம் வகுப்பில், "நண்பகலில் நிழல் வடக்கே விழும், அதை வைத்துத் திசை கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லிக்கொடுத்து வந்தேன். எந்தப் பிள்ளையும் மறுத்ததில்லை. பரீட்சையில் அப்படியே எழுதினார்கள், நானும் மதிப்பெண் போட்டேன். ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிதில், ஒரு மீட்டர் உயரக் குச்சியை மைதானத்தில் நட்டு, பதினொன்றரை மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் போய் நிழலின் நுனியில் ஒரு கல் வைத்துவிட்டு வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். பன்னிரண்டரை மணிக்கு ஒரு மாணவி மூச்சு வாங்க ஓடிவந்தாள். "சார், நிழல் தெக்கால விழுது!"

நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். தெற்கேதான் விழுந்திருந்தது.

கடலூரும் புதுச்சேரியும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 டிகிரியில் இருக்கின்றன. ஏப்ரல் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில்தான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் நமக்கு நண்பகல் நிழல் தெற்கே. ஜூன் 21-ஐ ஒட்டி ஒரு மீட்டர் குச்சிக்கு 20 சென்டிமீட்டர் போலத் தெற்கே விழும். டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பாருங்கள், வடக்கே 70 சென்டிமீட்டர் நீண்டு கிடக்கும். நான் சொல்லிக்கொடுத்தது தில்லிப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்கச் சரி. கடலூர்ப் பிள்ளைக்கு நான்கு மாதம் தவறு. அந்தக் கற்களில் இன்னொன்றும் தெரிந்தது. நிழல் மிகக் குட்டையாக இருந்தது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை, பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம், நமக்குச் சூரியன் கொஞ்சம் தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். தீர்க்கக்கோடு என்ற சொல்லை அந்த வகுப்புக்கு நான் அதற்குப் பிறகு விளக்கவேண்டி வரவில்லை.

வெளியே பாடம் நடத்துவது என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கல்விச் சுற்றுலா. வேன் பிடிப்பது, பிச்சாவரத்தில் படகு ஏறுவது, புளிச்சோறு கட்டுவது. அது நல்லதுதான், பிள்ளைகள் பல வருடம் மறக்கமாட்டார்கள். ஆனால் நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில், பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே பாடத்துக்காக, இருபது நிமிடம் வாசலைத் தாண்டுவதைப் பற்றிப் பேசுகிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் பையில்லாமல் பள்ளிக்கு வரலாம் என்கிறது. கல்வி உரிமைச் சட்டம் அந்த வகுப்புகளுக்கு வைத்திருக்கும் வேலை நாள் 220. மீதி 210 நாளை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

எனக்கு இந்தப் பழக்கம் திட்டம் போட்டு வரவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் இரண்டு வகுப்பறைக்குக் கூரை இல்லாமல் போனது. ஜனவரியில் பிள்ளைகள் வந்தபோது சுவர் நிழலில்தான் உட்கார வைத்தோம். சுற்றிலும் விழுந்து கிடந்த மரங்கள். பாடம் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. சரி, எத்தனை மரம் விழுந்திருக்கிறது, எண்ணுங்கள் என்றேன். அவர்கள் எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. வேரோடு சாய்ந்தவை இவை, நடுவில் முறிந்தவை இவை என்று பிரித்தார்கள். முந்திரியும் முருங்கையும் படுத்துவிட்டன, பனை நிற்கிறது, ஏன் சார் என்று கேட்டார்கள். வேர், தண்டு, காற்று, மண் எல்லாம் ஒரே காலையில் பேச்சாகிவிட்டது. வீடு இழந்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் முதன்முதலாகப் புயலைப் பற்றி வாய் திறந்தார்கள்.

அப்புறம் கூரை வந்தது. நானும் உள்ளே போய்விட்டேன். மறுபடி வெளியே வந்தபோது தவறுகள் செய்தேன். "வாங்க, மரங்களைப் பார்க்கலாம்" என்று நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். எதைப் பார்ப்பது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்து நிமிடத்தில் கபடி தொடங்கிவிடும். ஒரு நாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி, "வகுப்பு ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு ஒரு கேள்வி இல்லாமல் வெளியே போவதில்லை. ஒரே ஒரு கேள்வி. உதாரணத்துக்கு, காற்று இப்போது எங்கிருந்து வருகிறது? கம்பத்தில் ஒரு ரிப்பன் துணியைக் கட்டினோம். வெயில் காலத்தில் காலை ஒன்பதரைக்கு அது கிழக்குப் பக்கம் பறக்கும், ஏனென்றால் காற்று மேற்கிலிருந்து வருகிறது. சாப்பாட்டு மணி அடித்த பிறகு பார்த்தால் பல நாள் துணி மேற்கே திரும்பியிருக்கும். கடல்காற்று வந்துவிட்டது. நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது என்ற பாடத்தை ஒரு துணி நடத்தியது. பிறகு தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் எழுதிப் போட்டேன்: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். கடற்கரைக் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண், வகுப்பில் அதிகம் பேசாதவள், எழுந்து, "எங்கப்பா மேக்கால காத்தைக் கச்சான்னு சொல்லுவாரு சார், தெக்காலதைச் சோழகம்னு சொல்லுவாரு" என்றாள். கரும்பலகையில் நான்கோடு அந்த இரண்டையும் அவளே எழுதினாள். மறுநாள் பாதி வகுப்பு வீட்டில் கேட்டுக்கொண்டு வந்திருந்தது.

தமிழ்ப் பாடத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு நிலைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, பள்ளிச் செம்பருத்தியிடம் போய் ஏழையும் தேடச் சொல்லுங்கள். வீ எது, செம்மல் எது என்று பெரிய சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம். புளிக்கு இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புக் கொல்லைப் பிள்ளைக்குத் தோகை என்ற சொல் நாம் சொல்லித் தெரியவேண்டியதே இல்லை.

ஐப்பசி கார்த்திகையில் மழை வந்தால் வெளியே போக முடியாது, ஆனால் மழையை அளக்கலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு கண்ணாடி பாட்டிலும் ஒரு ஸ்கேலும் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் ஏழாம் வகுப்புக் கூரை 6 மீட்டருக்கு 6 மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்த அன்று கணக்குப் போட்டார்கள், 1800 லிட்டர். அவ்வளவும் எங்கே போகிறது என்று மழை விட்டதும் ஓடையைப் பின்தொடர்ந்து தெருமுனை வரை போனோம். 2015 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது. தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

செய்முறை பற்றிக் கொஞ்சம். வெளியே இருபது நிமிடம், உள்ளே வந்து எழுத இருபது நிமிடம். எழுதாமல் விட்டால் வேடிக்கை பார்த்ததோடு போய்விடும். வெயில் காலத்தில் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். நிழல் அளப்பது போல உச்சி வேலை இருந்தால் இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். புதர்ப் பக்கம் பாம்பு இருக்கும், முதல் நாள் மாலையே நீங்கள் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். நடக்க முடியாத பிள்ளை இருந்தால் குறிப்பெழுதும் வேலையைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்காதீர்கள், அவன் போகக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுங்கள். பாடக்குறிப்பேட்டில் எந்தப் பாடம், என்ன கேள்வி என்று முன்கூட்டியே எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் யார் வந்து கேட்டாலும் பிள்ளைகளின் நோட்டைக் காட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமும் காட்டுங்கள். "படிக்க அனுப்பினா வெயில்ல நிக்க வைக்கிறாங்க" என்று என்னிடம் கோபப்பட்ட ஓர் அம்மாதான் பின்னாளில் எங்கள் மழை பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி, பகல் பன்னிரண்டு மணி பதினான்கு நிமிடம் வாக்கில், கடலூரிலும் புதுச்சேரியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழலில்லா நாள். செங்குத்தாக ஒரு குச்சியை நட்டு, சுற்றிப் பிள்ளைகளை நிற்க வையுங்கள். மேகம் மறைத்துவிட்டால் மறுநாள் பாருங்கள், ஒரு மீட்டர் குச்சிக்கு அன்றும் நிழல் ஒரு விரல் அகலத்தைத் தாண்டாது. ஜூனில் தெற்கே கல் வைத்த பிள்ளைகள் செப்டம்பரில் வடக்கே கல் வைப்பார்கள். நடுவில் ஒரு நாள் கல் வைக்க இடம் இருக்காது.

நன்றி, வணக்கம்.