டொன் ஜுவான் கட்டிய நல்லூர்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கோயில் வீடியோ இல்லை, புத்தக வீடியோ. யாழ்ப்பாணத் தமிழருடைய வழக்கச் சட்டமான தேசவழமைச் சட்டப் புத்தகம் கிடைத்துவிட்டது! பழைய புத்தகக்காரர் முதலில் 3000 ரூபா என்றார். கறையான் அரித்த மட்டைக்கு 3000 ரூபாவா? 1800 என்றேன், தலையாட்டினார். "சரி, வேண்டாம்" என்று வெளியே வந்து சைக்கிளில் ஏறிய பிறகுதான் கூப்பிட்டார். மிச்சம் பிடித்த 1200 ரூபாவைப் பற்றி இந்த மாதம் முழுக்கக் கதைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருவோம். போன வீடியோவின் கீழே ஒருவர், "போர்த்துக்கேயன் இடித்ததோடு எல்லாம் முடிந்தது, நாவலர் வந்துதான் சைவம் பிழைத்தது" என்று எழுதியிருந்தார். எனக்கு எரிச்சலாக வரும் கதை இதுதான். ஆறுமுக நாவலர் பெரிய ஆள், 1848 இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கியவர், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நல்லூர்க் கோயில் எழும்பிவிட்டதே!

1621 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடித்தது உண்மை. 1658 இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்தார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானமா, கலியாணமா, எல்லாம் அவர்களுடைய தேவாலயத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, கேட்கும்போது வில்லங்கம். சனம் போய்ப் பெயரைப் பதிந்தது, வீட்டுக்கு வந்து விரதம் பிடித்தது. விரத நாளில் சாப்பிட்ட இலையைக் கூரையில் செருகி ஒளித்தார்கள் என்று அம்மம்மாமார் சொல்வார்களே, அது இதற்கும் முந்தி, போர்த்துக்கேயர் காலத்துக் கதை.

அப்புறம் 1734. ஒல்லாந்தர் ஆட்சி நடக்கும்போதே கோயில் திரும்ப வருகிறது. கட்டியவர் யார்? டொன் ஜுவான் இரகுநாத மாப்பாண முதலியார். ஒல்லாந்தக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், சிறாப்பர், காசாளர். பகலில் அவர்களுடைய பணத்தை எண்ணியவர் முருகனுக்குக் கோயில் எழுப்புகிறார்! எனக்கு மிகவும் பிடித்த ஆள். இன்றைக்கும் கோயில் அந்தக் குடும்பத்தின் கையில்தான்.

அட, புத்தகத்தை விட்டுவிட்டேன். 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி எங்கள் வழக்கங்களை எழுதிவைத்தார். 12 முதலியார்கள், அதாவது ஒல்லாந்தரின் கீழ் இருந்த எங்கள் ஊர்த் தலைவர்கள், பார்த்துச் சரி என்றார்கள். 1806 இல் ஆங்கிலேயரும் அதையே சட்டமாக ஏற்றார்கள். முதுசம், சீதனம், கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தான தேடியதேட்டம் எல்லாம் அப்படித்தான் நீதிமன்றம் வரைக்கும் வந்தன. ஆளவந்தவன் தன் வசதிக்கு எழுதியது எங்களுக்குக் காவலாகிப் போனது.

ஆனால் இதைத் தலையில் வைத்துக் கொண்டாட என்னால் முடியாது. அடிமைகளை வைத்திருக்கும் விதிகளும் இதே புத்தகத்தில் இருக்கின்றன. 12 முதலியார்களைக் கேட்டார்கள், அந்த அடிமைகளைக் கேட்டார்களா? பெண்களைக் கேட்டார்களா? 1911 இல் புதுச் சட்டம் கொண்டுவந்தபோதும், மனைவி தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றே வைத்தார்கள். உங்கள் வீட்டில் காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது இந்தக் கையெழுத்துப் பிரச்சினை வந்திருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.