வைஃபை முழுவதற்கும் ஒரே தடை

நேயர்களுக்கு வணக்கம். மீனாட்சியம்மன் கோயில் நடை திறக்கும் நேரத்தைக் கைபேசியில் தேடிப் பாருங்கள். நேரம் கண்ணில் படுவதற்குள் ஒரு வேட்டி விளம்பரம், ஒரு கடன் விளம்பரம், அப்புறம் ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று சிவப்பில் ஒரு மிரட்டல். வீட்டில் பெரியவர்கள் பயந்துபோய் அந்த மிரட்டலைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். விளம்பரத்தால் வரும் எரிச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எனக்குக் கவலை இதுதான். ஒவ்வொரு போனாக வாங்கிச் சரிசெய்து மாளாது. வைஃபை முழுவதற்கும் ஒரே இடத்தில் விளம்பரத்துக்குத் தடை போட முடியும்.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், போன் முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை விசாரிக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் வகுத்தது. மாசி வீதிக்குப் புதிதாக வந்தவர் மூலைக்கடைக்காரரிடம் வழி கேட்கிறார் அல்லவா, அதே கதைதான். ஆனால் நீங்கள் ஒரு செய்தியைத் திறந்தால், போன் அதற்கு மட்டும் வழி கேட்பதில்லை. விளம்பரம் அனுப்பும் கணினிகளுக்கும், நாம் எதைப் பார்க்கிறோம் என்று குறித்து வைக்கும் கணினிகளுக்கும் சேர்த்தே கேட்கிறது. மூலைக்கடைக்காரர் நம் ஆளாக இருந்து, ‘அப்படி ஒரு கடையே இங்கே இல்லையே’ என்று கையை விரித்துவிட்டால்? விளம்பரம் வீட்டுக்குள் இறங்காது, டேட்டாவும் மிச்சம்.

எளிய வழியை முதலில் சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 94.140.14.14, அடுத்த கட்டத்தில் 94.140.15.15. இவை ஆட்கார்ட் நிறுவனம் இலவசமாகத் தரும், விளம்பரத்தை மறிக்கும் முகவரிகள். இணைப்பு கொடுத்தவர்கள் சில ரவுட்டர்களில் அந்த இடத்தைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியானால், ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போனில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற அமைப்பில், டி.என்.எஸ். டாட் ஆட்கார்ட் ஹைஃபன் டி.என்.எஸ். டாட் காம் என்று எழுதிவிடலாம். போனோடு போகும் தடை இது, திருமங்கலம் பேருந்தில் உட்கார்ந்திருந்தாலும் வேலை செய்யும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இப்போது அந்த நிறுவனத்துக்குப் போகிறது.

அது பிடிக்காதவர்கள் வீட்டிலேயே அந்தக் கடைக்காரரை உட்காரவைக்கலாம். பை-ஹோல் என்று ஒரு இலவச மென்பொருள், ஜேக்கப் சல்மேலா தொடங்கியது. உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியிலோ, லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினியிலோ ஓடும். எந்தக் கருவி எங்கே போக முயன்றது என்று திரையில் பட்டியல் போட்டுக் காட்டும். யாரும் பார்க்காத நேரத்தில் ஸ்மார்ட் டிவி யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள். ஆனால் அதே பட்டியலில் உங்கள் மகளின் போனும் இருக்கும், விருந்துக்கு வந்த மாப்பிள்ளையின் போனும் இருக்கும். சொல்லாமல் வைப்பது சரியில்லை என்பது என் கட்சி. பெயர்களை மறைக்கும் வசதி அதிலேயே உண்டு, அதைப் போட்டுவிடுங்கள்.

யூடியூப் விளம்பரம் நிற்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நிற்காது. வீடியோ வரும் இடத்திலிருந்தே விளம்பரமும் வருகிறது, ஒன்றை மறித்தால் இரண்டும் போய்விடும். சில டிவிகள் நாம் வைத்தவரைக் கேட்காமல் தாமே வேறொரு முகவரியில் விசாரித்துக்கொள்ளும். ஐ.பி.வி.6 என்ற புதிய வகை இணைய முகவரி வழியாகவும் நழுவும், அதற்கும் தனியாக டி.என்.எஸ். மாற்ற வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் உஷார். பை-ஹோல் அணைந்தால் வீட்டில் எதுவும் திறக்காது, இன்டர்நெட்டே போய்விட்டது என்று எல்லோரும் உங்களைத்தான் தேடுவார்கள். அதற்குப் பயந்து ரவுட்டரில் இரண்டாவது டி.என்.எஸ். முகவரியாகக் கூகுளின் 8.8.8.8ஐப் போட்டால், கருவிகள் அங்கேயும் போய்க் கேட்டு விளம்பரத்தை வாங்கி வந்துவிடும். ரவுட்டரோடு சேர்த்து பை-ஹோல் ஓடும் கணினியையும் இன்வெர்ட்டரில் மாட்டிவிடுவதுதான் நல்லது.

இன்னொன்று, நல்ல செய்தித் தளங்கள் பலவும் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன. ஆனால் பை-ஹோல் மறிப்பது அந்தத் தளத்தை அல்ல, விளம்பரக் கணினியை. ஒரு தளத்துக்கு மட்டும் விளம்பரத்தை விடுவது இதில் நடக்காது. பிடித்த இதழுக்குச் சந்தா கட்டுவதைத்தான் நான் சொல்வேன்.

தேடலில் மேலே வரும் கடை இணைப்புகள் பலவும் விளம்பரம்தான். அழுத்தினால் திறக்காது, கீழே போய் அடுத்ததை அழுத்தச் சொல்லுங்கள். பணம் கட்டும் பக்கம் ஏதாவது பாதியில் நின்றால், பை-ஹோல் திரையில் ஐந்து நிமிடம் தடையை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. நேரம் முடிந்ததும் தடை தானாகத் திரும்பிவிடும். வணக்கம்.