போர்ட் போய்விட்டது என்று சொன்னால்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். இருபது வருடமாகக் கொழும்பில் வீடு வீடாகப் போய்க் கணினி திருத்துகிறேன். திரையில் படம் குழம்பினால், ஸ்பீக்கரில் சத்தம் நின்றால், வேறு ஆளைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டில் நீங்களே என்ன பார்க்கலாம் என்று இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஒரு பேனையும் துண்டுக் கடதாசியும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டிய இடம் வரும்போது மெதுவாகச் சொல்கிறேன்.

போன மாதம் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு மாடி வீட்டுக்குப் போனேன். எழுபது தாண்டிய அம்மா, தனியாக இருக்கிறார். மகன் ரொறன்ரோவில். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு, அங்கே சனி இரவு, மகன் பேரப்பிள்ளைகளோடு கணினித் திரையில் வருவார். இரண்டு கிழமையாக மகனுடைய வாய் அசைகிறதாம், சத்தம் மட்டும் வரவில்லையாம். ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். மதர்போர்ட், அதாவது உள்ளே உறுப்புகளை எல்லாம் இணைக்கிற பெரிய பலகை, போய்விட்டது, மாற்ற வேண்டும், நாற்பத்தையாயிரம் ரூபா என்று சொல்லியிருக்கிறார்கள். "பென்சன் காசிலை எப்பிடித் தம்பி?" என்று கேட்டார்.

நான் பெட்டியைக் கழற்றவே இல்லை. மேசையில் புது மொனிட்டர் ஒன்று இருந்தது. எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். இரண்டு கிழமை. காரணம் அதுதான். புது மொனிட்டர் எச்டிஎம்ஐ வயரில் இணைந்திருந்தது. அந்த வயரில் படமும் போகும், சத்தமும் போகும். விண்டோஸ் சத்தத்தை மொனிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, அந்த மொனிட்டரிலோ ஸ்பீக்கரே இல்லை. திரையின் வலது கீழ் மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தை அமத்தி, அதன் பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியை அமத்தினால், சத்தம் போகக்கூடிய இடங்கள் வரிசையாக வரும். மொனிட்டரின் பெயருக்குப் பதிலாக, கணினியின் சத்தச் சிப்பின் பெயரில் ரியல்டெக் ஸ்பீக்கர் என்றிருந்ததைத் தெரிவுசெய்தேன். மகனுக்கு அழைப்பெடுத்தோம். "அம்மா, கேக்குதா?" என்ற குரல் வந்ததும் அவர் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

போர்ட் போய்விட்டது என்ற சொல்லை இந்த நகரத்தில் நான் அடிக்கடி கேட்கிறேன். போர்ட் போவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் படத்துக்கும் சத்தத்துக்கும் என்னிடம் வருகிற அழைப்புகளில் பெரும்பங்கு, ஒன்றில் இப்படித் தெரிவு மாறிய கதை, இல்லையென்றால் ட்ரைவர் கதை.

ட்ரைவர் என்றால் என்ன? கொழும்பில் வாழ்கிற எங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஓர் அலுவலகத்துக்குப் போகிறோம், மேசைக்கு அந்தப் பக்கம் சிங்களம், இந்தப் பக்கம் தமிழ். நடுவில் மொழிபெயர்ப்பவர் ஒருவர் நின்றால் வேலை நடக்கும். விண்டோஸுக்கும், திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் காட் என்ற உறுப்புக்கும் நடுவில் நிற்கிற அந்த ஆள்தான் ட்ரைவர். சரியான ஆள் இல்லாதபோது விண்டோஸ் தன்னிடமுள்ள ஒருவரை நிறுத்தும். அவருக்குப் பெயரும் விலாசமும் கேட்கிற அளவுக்குத்தான் மொழி தெரியும். அவர் பெயர் மைக்ரோசொப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர். படம் வரும். ஆனால் எழுத்துகள் இழுபட்டுப் பெரிதாக இருக்கும், வீடியோ விட்டுவிட்டு ஓடும், இரண்டாவது மொனிட்டர் வேலை செய்யாது. விண்டோஸைப் புதிதாகப் போட்ட அடுத்த நாள் இந்தக் கோலத்தில் கணினி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சரியான ட்ரைவர் இன்னும் போடப்படவில்லை, அவ்வளவுதான்.

முதலில் இது ட்ரைவர் பிழையா, சாமான் பிழையா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு நான் நம்புகிற சோதனைகள் இரண்டு. கணினியைப் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன், தயாரித்த நிறுவனத்தின் சின்னம் தெரியும் அல்லவா? அந்த நேரத்திலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் அது ட்ரைவர் இல்லை. ட்ரைவர் அப்போது இன்னும் வேலைக்கே வரவில்லை. வயர், மொனிட்டர், காட் இந்த மூன்றில் ஒன்று. தனிக் கிராபிக்ஸ் காட் உள்ள கணினி என்றால் மொனிட்டர் வயர் அந்தக் காட்டில் செருகியிருக்கிறதா, தவறி மதர்போர்ட்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மற்றச் சோதனை உபுண்டு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டக்கூடிய இன்னொரு மென்பொருள். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் பதியாமலே ஓடவிட்டுப் பார்க்கலாம். தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் அரை மணித்தியாலத்தில் செய்து தருவார்கள். விண்டோஸில் வராத சத்தம் உபுண்டுவில் வந்தால் உங்கள் போர்ட் நன்றாக இருக்கிறது. மாற்றச் சொல்கிறவரிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

கடலோரம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் உப்புக் காற்று ஹெட்போன் துளைக்குள்ளே பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். கரகர என்ற சத்தம், துளையில் செருகிய வயரின் முள்ளைத் திருப்பும்போது மாறினால் அது ட்ரைவர் இல்லை, களிம்பு. பெட்டிக்குப் பின்னால் பச்சை நிறத் துளைதான் ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. தூசி தட்டிய பிறகு மாறிச் செருகிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர்.

சரி, ட்ரைவர்தான் பிழை என்று முடிவாகிவிட்டது. இப்போது எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பொத்தானில் மவுசின் வலது பக்கத்தை அமத்தினால் டிவைஸ் மெனேஜர் என்று ஒரு வரி வரும். அதைத் திறந்தால் கணினியின் உறுப்புகள் எல்லாம் பெயர்ப் பட்டியலாக நிற்கும். மஞ்சள் முக்கோணம் உள்ள பெயரை இரண்டு தரம் அமத்துங்கள். உள்ளே ஓர் இலக்கம் இருக்கும். 28 என்றால் ட்ரைவர் போடப்படவில்லை. 43 என்றால் அந்த உறுப்பு ஏதோ கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது. அது ட்ரைவராகவும் இருக்கலாம், காட்டாகவும் இருக்கலாம்.

நேற்று வரை நன்றாக இருந்து, விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு கெட்டுப்போனதா? அதே பெட்டியில் ட்ரைவர் என்ற பக்கத்துக்குப் போய் ரோல் பேக் ட்ரைவர் என்பதை அமத்துங்கள். பழைய ட்ரைவர் திரும்பி வரும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழையது ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

பெயரே தெரியாமல் அன்நோன் டிவைஸ் என்று நின்றால்? டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹாட்வெயார் ஐடி என்பதைத் தெரிவுசெய்யுங்கள். நீளமான ஒரு வரி வரும். அதில் வீ, ஈ, என் என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் வருகிற நான்கையும் பாருங்கள், அது தயாரித்த நிறுவனத்தின் அடையாளம். 10டீஈ என்றால் என்விடியா. 1002 என்றால் ஏஎம்டி. 8086 என்றால் இன்டெல். 1978இல் அவர்கள் வெளியிட்ட 8086 என்ற சிப்பின் இலக்கத்தையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். 10ஈசீ என்றால் தாய்வானின் ரியல்டெக். பெட்டியைத் திறந்தால் போர்டில் நண்டுப் படம் போட்ட சிறு சிப் ஒன்றைப் பார்ப்பீர்கள், அதுதான் அவர்களுடையது. அந்த வரியை அப்படியே பிரதிசெய்து கூகிளில் தேடினால் அது எந்தச் சாமான் என்று தெரிந்துவிடும்.

ட்ரைவரை எங்கே எடுப்பது? லப்டொப் என்றால் முதலில் அதைத் தயாரித்தவரின் தளம். அடியில் ஒட்டியிருக்கிற இலக்கத்தைக் கொடுத்தால் அதற்குரியதே வரும். மேசைக் கணினி என்றால் சத்தத்துக்கு மதர்போர்ட் நிறுவனத்தின் தளம், படத்துக்கு காட் நிறுவனத்தின் தளம். எல்லா ட்ரைவரையும் ஒரே அமத்தலில் புதுப்பிப்போம் என்று விளம்பரம் செய்கிற மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். ஒன்றைச் சரிசெய்து மூன்றைக் கெடுத்த கணினிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பழைய காட் வைத்திருப்பவர்கள் புதிய ட்ரைவரைத் தேடி அலையவும் வேண்டாம். கெப்லர் என்ற பழைய தலைமுறைக் கிராபிக்ஸ் காட்டுகளுக்கு வழமையான புதிய ட்ரைவர் கொடுப்பதை என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது. அந்தக் காட்டுக்கு உரிய கடைசி ட்ரைவரே போதும்.

போமட் பற்றியும், அதாவது கணினியில் உள்ளதை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய காலத்தில், சத்தம் வராத ஒரு கணினியை நான் போமட் செய்தேன். சத்தம் வந்தது. மூன்று நாள் கழித்து அந்த வீட்டு ஐயா வந்து, மகளுடைய கலியாணப் படங்கள் எங்கே என்று கேட்டார். கணினியில் மட்டும்தான் இருந்ததாம். ஒரு ட்ரைவரை மாற்றியிருந்தால் போதுமாக இருந்த வேலை அது. அன்றிலிருந்து போமட்டைக் கடைசிக்குத்தான் வைத்திருக்கிறேன், அதையும் படங்களைப் பிரதியெடுத்த பிறகு. உங்கள் கணினியை யார் போமட் செய்யக் கேட்டாலும், முதலில் படங்களை எடுத்துத் தாருங்கள் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கடைசியாகத் திரை கறுத்துப்போனால். வேலை செய்துகொண்டிருக்கும்போது உறைந்தாலோ கறுத்தாலோ விசைப்பலகையில் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட், பீ (ஏ, பீ, சீயில் இரண்டாவதாக வரும் B) ஆகிய நான்கையும் ஒன்றாக அமத்துங்கள். திரை ஒருமுறை மின்னும், கிராபிக்ஸ் ட்ரைவர் மட்டும் திரும்பத் தொடங்கும், திறந்திருக்கும் கடிதம் போகாது. புது ட்ரைவர் போட்ட பிறகு விண்டோஸே தெரியவில்லை என்றால், தொடங்கும் நேரத்தில் பவர் பொத்தானைப் பிடித்து நிறுத்துங்கள். இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்தால் நீலத்திரை ஒன்று வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், பிறகு ரீஸ்டார்ட். திரும்பி வரும்போது 4ஐ அமத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமான ட்ரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும். அங்கே போய் டிவைஸ் மெனேஜரில் கிராபிக்ஸ் ட்ரைவரை நீக்கிவிட்டுச் சாதாரணமாகத் திறவுங்கள். படம் பெரிதாக இழுபட்டு வரும். வரட்டும், பிறகு சரியான ட்ரைவரைப் போடலாம்.

எழுதிய துண்டைக் கணினிப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். திரை கறுத்த பிறகு அதைத் தேட நேரம் இருக்காது. நன்றி, வணக்கம்.