49ஆம் நாள் என்ன சாப்பிடுவது?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். "பிரபலமான டயட்டுகள் நீண்ட காலத்துக்குப் பலன் தருமா?" என்பது தலைப்பு. ‘தரும்’ என்று பேசிய எதிரணி நண்பர், 48 நாள் டயட் சார்ட் ஒன்றைத் தூக்கிக் காட்டி, மாதம் நாலு கிலோ குறையும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். நானும் தட்டினேன் ஐயா. குறையும், யார் இல்லை என்றது?

அந்த நாலு கிலோவைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு அரை கிலோ அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லியை நிறுத்தினால் முதல் வாரத்திலேயே அதில் பெரும்பகுதி கரைந்து, தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். ஒன்றரை கிலோ அங்கேயே காலி! கல்யாணம், காதுகுத்து என்று ரெண்டு நாள் பந்தியில் உட்கார்ந்தால் அதே தண்ணீர் திரும்பி வந்து நிற்கும்.

அடுத்து, அரிசி, கோதுமையை ஒதுக்கும் பேலியோ டயட்காரர்கள் காலை உணவாகச் சாப்பிடும் நூறு பாதாம். ஊறவைத்து, வறுத்து, எண்ணி டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார்களே, அது ஏறக்குறைய 120 கிராம், 700 கலோரி. அப்புறம் எப்படி எடை குறைகிறது? அதிலுள்ள கொழுப்பும் புரதமும் நார்ச்சத்தும் மதியம் வரை பசியை அடக்குகின்றன. பதினோரு மணி டீ, வடை, பிஸ்கட் எல்லாம் தானாக நின்றுவிடுகின்றன. வடை திரும்ப வரும் நாளில் எடையும் கூடவே வரும்.

"மனக்கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குத்தான் எடை ஏறும்" என்றார் நண்பர். அநியாயம் நடுவர் அவர்களே! ஒரு கிலோ குறைந்தால் உடல் செலவிடும் சக்தி நாளுக்கு 20, 30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. பத்து கிலோ குறைத்தவர் இந்தக் கணக்குப்படி தினமும் ஆயிரம் கலோரிப் பசியோடு மல்லுக்கட்ட வேண்டும். 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வாரம் கடும் டயட் இருந்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. இதில் மனக்கட்டுப்பாட்டை எங்கே போய்ப் பிடிப்பது?

எந்த டயட் உசத்தி என்ற சண்டையும் வீண். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் முடிவு சொன்னார்கள்: சாப்பாட்டில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ எடை குறைந்தது. 2020இல் 14 டயட்டுகள் பற்றிய 121 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆறாம் மாதத்தில் தெரிந்த எடைக்குறைவு பன்னிரண்டாம் மாதத்தில் பெருமளவு தேய்ந்திருந்தது.

குறைத்ததைக் காப்பாற்றியவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1994 முதல் அவர்களுக்கென்று ஒரு பதிவேடே இருக்கிறது. அதில் பெரும்பாலோர் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள், வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். அதுவும் வருடக்கணக்காக! நண்பர் கையில் இருக்கும் சார்ட் 48ஆம் நாளோடு முடிந்துவிடுகிறது. 49ஆம் நாள் காலையில் என்ன சாப்பிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், எழுந்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே.