உங்க ட்யூனை மியூசிக் ஃபைலா மாத்துறது எப்படி? மிடி, வேவ், எம்பி3

மனசுல ஒரு ட்யூன் ஓடிட்டே இருக்கு, ஸ்வரமாவும் எழுதி வச்சிட்டீங்க, இப்ப அதை ஃபைலா மாத்தணும். நிறைய பேர் நேரா எம்பி3 எப்படி எடுக்கிறதுன்னுதான் கேக்குறாங்க. ஆனா எம்பி3 இந்த வேலையில கடைசியா வர்றது, அதுக்கு முன்னாடி ரெண்டு வகை ஃபைல் இருக்கு, உங்க பாட்டுல பின்னாடி எதை மாத்த முடியும் எதை மாத்த முடியாதுங்கிறதெல்லாம் அங்கதான் முடிவாகுது.

[திரையில்: மிடி நோட்டுகள் கட்டம் கட்டமா ஓடுது]

முதல்ல மிடி. 1983-ல வந்த முறை, இன்னைக்கும் எல்லா மியூசிக் சாஃப்ட்வேரும் இதைத்தான் பேசுது. இந்த ஃபைலுக்குள்ள சத்தமே கிடையாது! எந்த நோட்டு, எப்ப ஆரம்பிக்குது, எப்ப விடுது, எவ்வளவு அழுத்தமா வாசிச்சீங்க, இந்த மாதிரி குறிப்புதான் இருக்கும். நோட்டுக்கு 0-ல இருந்து 127 வரை நம்பர், பியானோவோட நடு சி 60. சத்தத்தைக் குடுக்கிறது சாஃப்ட்வேர்ல இருக்கிற இன்ஸ்ட்ருமென்ட். அதனால பியானோல போட்டதை நாளைக்கு புல்லாங்குழலுக்கு மாத்தலாம், வேகத்தைக் குறைக்கலாம், பாடுறவங்களுக்கு சுருதி எட்டலைன்னா ஒரு கட்டை இறக்கலாம், சவுண்ட் கெடவே கெடாது.

நோட்டேஷன் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு மியூஸ்கோர்ங்கிற சாஃப்ட்வேர் போதும், இலவசம்தான், எழுதி முடிச்சதும் மிடியா எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம். வாசிக்கத் தெரிஞ்சவங்க யூஎஸ்பி கீபோர்டை சொருகிட்டு ரீப்பர், கராஜ்பேண்ட், எல்எம்எம்எஸ் மாதிரி மியூசிக் சாஃப்ட்வேர் ஏதாவது ஒண்ணுல நேரா வாசிச்சு பதிவு பண்ணலாம். தாளம் முன்னபின்ன போனா குவான்டைஸ்னு ஒண்ணு இருக்கு, நோட்டை எல்லாம் இழுத்து கட்டத்துல உக்கார வச்சிடும். ஆனா தயவுசெஞ்சு அதை முழுசா போடாதீங்க, வாசிச்ச கையோட உயிரே போயிடும், நிறைய சாஃப்ட்வேர்ல எவ்வளவு இழுக்கணும்னு சதவீதம் வைக்கலாம், அதைக் கொஞ்சம் கம்மியா வச்சுப் பாருங்க.

கமகம் நிறைய வர்ற ட்யூனா இருந்தா மிடி உங்களை ரொம்ப படுத்தும். நோட்டை மேலயும் கீழயும் வளைக்கிறதுக்கு பிட்ச் பெண்ட்னு ஒண்ணு இருக்கு, ஆனா பெரும்பாலும் மேலயும் கீழயும் ரெண்டு ரெண்டு அரைஸ்வரம்தான் நகரும், அதைக் கூட்டி வச்சாலும் ஒவ்வொரு அசைவையும் தனித்தனியா போட்டாகணும். என்னைக் கேட்டா அந்த மெயின் மெலடியை மட்டும் பாடியோ வாசிச்சோ ஆடியோவா ரெக்கார்ட் பண்ணிடுங்க, மத்ததெல்லாம் மிடில இருக்கட்டும்.

[திரையில்: மைக், பக்கத்துல லெவல் மீட்டர்]

ஆடியோன்னா வேவ் ஃபைல். வழக்கமா ஒரு செகண்டுக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து எழுதுது. ஏன் அவ்வளவுன்னா நம்ம காதுக்கு சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், ஒரு சத்தத்தைப் பிடிக்கணும்னா அதோட ரெண்டு மடங்குக்கு மேல அளக்கணும். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமா எழுதணும்ங்கிறதுதான் பிட், ரெக்கார்டிங்கை 24 பிட்ல வைங்க, அப்பதான் லெவலைக் கொஞ்சம் கம்மியா வச்சு நிம்மதியா பாடலாம். மீட்டர்ல உச்சம் மைனஸ் 12-ல இருந்து மைனஸ் 6 டெசிபெலுக்குள்ள நின்னா போதும், 0-வைத் தாண்டிட்டா சத்தத்தோட தலையை வெட்டின மாதிரி உடைஞ்சிடும், அப்புறம் முழுசா சரி பண்ண முடியாது. பாடும்போது ஹெட்ஃபோன் கட்டாயம், இல்லைன்னா ஸ்பீக்கர்ல ஓடுற பின்னணியும் மைக்ல ஏறிடும்.

மிடி, ஆடியோ எல்லாத்தையும் சத்தம் சரிபார்த்து ஒண்ணா சேர்க்கிற மிக்ஸ் முடிஞ்சதும் முதல்ல வேவ்ல எக்ஸ்போர்ட் பண்ணுங்க, இதுதான் உங்க மாஸ்டர், அதாவது மூலப் பிரதி. சிடி தரத்துல நிமிஷத்துக்கு 10 எம்பி வரும். அதே ஒரு நிமிஷம் 320 கேபிபிஎஸ் எம்பி3-ல 2.4 எம்பிதான், ஏன்னா காதுக்கு அவ்வளவா தெரியாததை எல்லாம் அது தூக்கிப் போட்டுடுது. போனது போனதுதான், எம்பி3-யைத் திரும்ப வேவா மாத்தினா சைஸ்தான் கூடும், தரம் வராது. எம்பி3-யைத் திறந்து எடிட் பண்ணி மறுபடி எம்பி3-யாவே சேவ் பண்ணா இன்னும் கொஞ்சம் போகும். இடம் பத்தலைன்னா ஃப்ளாக்ங்கிற (FLAC) ஃபைல் வகையில வைங்க, சைஸ் குறையும், ஒண்ணும் இழக்காது.

கடைசியா, சாஃப்ட்வேர் சேவ் பண்ற ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் நம்பாதீங்க, நாளைக்கு நீங்க போட்ட இன்ஸ்ட்ருமென்ட் ப்ளக்இன் (தனியா சேர்க்கிற துணை சாஃப்ட்வேர்) இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா பாதி ட்ராக் ஊமையா கிடக்கும். ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவா எடுத்து வைங்க, எல்லாமே பாட்டோட முதல் செகண்ட்ல இருந்தே ஆரம்பிக்கணும், அப்பதான் வேற யார் எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் ஒண்ணோட ஒண்ணு சேரும். மிடியையும் அதே ஃபோல்டர்ல போட்டு, ஃபைல் பேர்லயே சுருதியும் டெம்போவும் (வேகம்) எழுதிடுங்க.