‘ட்ரெய்னிங் டே’ படத்தைத் தாங்குவது ஜேக்கே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

2001-ல் வெளிவந்த ‘ட்ரெய்னிங் டே’ படத்தைத் தாங்கி நிற்பது அலான்சோவாக நடித்த டென்சல் வாஷிங்டனா, ஜேக்காக நடித்த ஈதன் ஹாக்கா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் ஜேக் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரம். ஜேக் ஹாய்ட் என்ற இளம் போலீஸ்காரன் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் சேர ஆசைப்படுகிறான். அந்தப் பிரிவின் மூத்த அதிகாரி அலான்சோ ஹாரிஸ், ஒரு நாள் முழுக்கத் தன் கூடவே வைத்துக்கொண்டு அவனைச் சோதித்துப் பார்க்கிறான். விடியற்காலையில் தொடங்கும் கதை அன்று இரவே முடிந்துவிடுகிறது. அதற்குள் கொள்ளை, பொய் வாரண்ட், கொலை எல்லாம் நடந்துவிடுகின்றன. எழுதியவர் டேவிட் ஏயர், இயக்கியவர் அன்டோயின் ஃபுக்வா.

எனக்கு முன் பேசிய நண்பர் முதலில் தூக்கிக் காட்டியது ஆஸ்கர் சிலையை. “சிறந்த நடிகர் விருதை டென்சலுக்குக் கொடுத்த பிறகு இதில் பேச என்ன இருக்கிறது?” என்றார். இருக்கிறது. அந்த விருதின் பெருமையை நான் குறைக்க மாட்டேன். சிட்னி பாய்ட்டியருக்குப் பிறகு, ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து, முதன்மை நடிகர் விருதை வாங்கிய இரண்டாவது கறுப்பினக் கலைஞர் டென்சல். அந்த மேடையில் அவர் நின்றது வரலாறு. ஆனால் அதே ஆண்டில் ஈதன் ஹாக்கையும் பரிந்துரைத்தார்கள். எந்தப் பிரிவில்? துணை நடிகர் பிரிவில்! ஜேக் படுக்கையில் கண் விழிப்பதில் படம் தொடங்குகிறது, ஜேக் வீடு திரும்புவதில் முடிகிறது. நடுவில் ஏறக்குறைய எல்லாக் காட்சிகளிலும் அவன் இருக்கிறான். அலான்சோ வீட்டில் தனியாக எப்படி இருப்பான் என்று நமக்குத் தெரியாது. ஜேக் தன் கைக்குழந்தையைப் பார்க்கும்போது எப்படி இருப்பான் என்று தெரியும். யாருடைய கண் வழியாக முழுக் கதையும் நமக்கு வந்து சேர்கிறதோ, அவனைத் துணைப் பாத்திரம் என்று ஒதுக்கியது பிரிவு பிரித்தவர்களின் பிழை. துணை நடிகர் விருதும் அவருக்குக் கிடைக்கவில்லை, ஜிம் பிராட்பென்ட் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பழைய பிழையை இந்த மேடையும் செய்ய வேண்டாம் என்பதுதான் நடுவர் அவர்களிடம் என் வேண்டுகோள்.

சரி, விருதை விடுவோம். படத்துக்குள் போவோம்.

இது காவல்துறை ஊழலைப் பற்றிய படம் என்பதில் இரண்டு அணிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஊழலைப் பற்றி ஒரு படம் நமக்கு எதைச் சொல்ல வேண்டும்? கெட்ட அதிகாரி ஒருவன் இருக்கிறான் என்பதையா? அது ஊருக்கே தெரியுமே! நல்லபடியாக வேலைக்கு வந்த ஒருவன் எந்த இடத்தில் முதல் அடியைத் தவறாக வைக்கிறான், அதற்கு எப்படி இணங்குகிறான் என்பதுதான் நமக்குத் தெரியாத பகுதி. அந்தப் பகுதி முழுவதும் ஈதன் ஹாக்கின் முகத்தில் நடக்கிறது.

காலை உணவகக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அலான்சோ நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறான். ஜேக் பேச முயல்கிறான், அவன் பேசவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு கதை சொல்” என்கிறான். ஜேக் தான் செய்த ஒரு கைது பற்றி ஆர்வத்தோடு சொல்கிறான். அலான்சோ அந்தக் கதையை அப்படியே ஆபாசமான கிண்டலாக்கிவிடுகிறான். அப்போது ஹாக் என்ன செய்கிறார் பாருங்கள். ஒரு சிரிப்பு வருகிறது. அது கோபத்தை மறைக்கும் சிரிப்பா, மேலதிகாரியைத் திருப்திப்படுத்தும் சிரிப்பா என்று பிரிக்க முடியாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் மேலதிகாரியின் அசிங்கமான பேச்சுக்குச் சிரித்து வைத்த எவரும் அந்தச் சிரிப்பை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஊழல் அங்கேயே தொடங்கிவிட்டது. பணம் இன்னும் கண்ணிலேயே படவில்லை.

கொஞ்ச நேரத்தில், ஏன் இந்தப் பிரிவுக்கு வந்தாய் என்ற கேள்வி வருகிறது. சமூகத்துக்குச் சேவை செய்ய, போதைப்பொருளை ஒழிக்க என்று மனப்பாடம் செய்ததுபோல் சொல்கிறான் ஜேக். அலான்சோ விடவில்லை, உண்மையைச் சொல் என்கிறான். டிடெக்டிவ் ஆக வேண்டும் என்ற ஆசை வெளியே வருகிறது. இதில் ஹாக்கின் நேர்மையைக் கவனிக்க வேண்டும். ஜேக்கை அவர் புனிதனாக நடிக்கவில்லை. பதவி ஆசையை மறைக்காமல் வைக்கிறார். அந்த ஆசை இல்லையென்றால் அலான்சோவால் அவனைப் பிடித்து இழுத்திருக்கவே முடியாது.

அடுத்தது நாற்சந்திக் காட்சி. பறிமுதல் செய்த போதைப்பொருளைப் புகைத்துப் பார் என்கிறான் அலான்சோ. ஜேக் மறுக்கிறான். அலான்சோ நடுச்சாலையில் காரை நிறுத்தித் துப்பாக்கியை நீட்டுகிறான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. வேறு வழியில்லாமல் ஜேக் புகைக்கிறான். அதில் வேறொரு கடும்போதை கலந்திருக்கிறது என்று அப்புறம்தான் தெரிகிறது. அந்தப் புகையின் கணக்கு மாலையில் வருகிறது. ரோஜர் என்ற போதை வியாபாரியின் வீட்டில் தரையைப் பெயர்த்து 40 லட்சம் டாலரை எடுக்கிறார்கள். ஜேக்கின் பங்கு இரண்டரை லட்சம் டாலர். அவன் தொட மறுக்கிறான். ரோஜரைச் சுடச் சொல்கிறார்கள், அதற்கும் மறுக்கிறான். அலான்சோவே சுட்டுக் கொன்றுவிட்டு, சுட்டது ஜேக்தான் என்று கதை கட்டுகிறான். ஒத்துக்கொள்ளாவிட்டால்? உன் ரத்தத்தைச் சோதிப்பார்கள், காலையில் புகைத்தது அதில் இருக்கும் என்கிறான்!

அந்த நொடியில் ஜேக்கின் முகத்தில் காலையிலிருந்து நடந்த ஒவ்வொன்றும் மறுபடி ஓடுகிறது. தனக்குப் பாடம் நடத்துவதாக நினைத்தது எல்லாம் தனக்கு விரித்த வலை என்று அவன் புரிந்துகொள்கிறான். வசனத்தில் விளக்கம் இல்லை. ஹாக்கின் கண்ணைப் பார்த்து நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். டென்சல் வலையை விரித்தது பெரிய நடிப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வலை என்று நமக்குத் தெரிவது, சிக்கியவன் துடிக்கும்போதுதான்.

எதிரணி நண்பர் இன்னொன்றும் சொன்னார். “ஜேக் பாதிப் படம் வரை வேடிக்கைதான் பார்க்கிறான், நடிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டார். கேட்பதும் பார்ப்பதும் நடிப்பில் சேராது என்றால், நடிப்பைப் பற்றி நாம் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். படத்தில் ஓர் இடத்தில் ஜேக்கே சொல்கிறான்: தெருவில் பிழைக்க வேண்டுமென்றால் சிரிப்பையும் அழுகையையும் அடக்கத் தெரிய வேண்டும், நம்மிடம் இருப்பது அவ்வளவுதான், அதை யாரும் பறிக்க முடியாது என்று. ஹாக் முழுப் படத்திலும் நடிப்பது இதைத்தான். சிரிப்பு வரும்போது அடக்குகிறார், அழுகை வரும்போது அடக்குகிறார். அடக்க முடியாமல் போகும் ஒரே இடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மைக் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1990-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் ரம்பார்ட் பகுதியில் பெரிய ஊழல் வெடித்தது. ரவுடிக் கும்பல்களை ஒடுக்கத் தொடங்கிய தனிப்பிரிவில் இருந்த ரஃபேல் பெரஸ் என்ற அதிகாரி, சாட்சியப் பொருளாக வைத்திருந்த கொக்கெய்னைத் திருடி 1998-ல் சிக்கினார். தண்டனையைக் குறைத்துக்கொள்வதற்காக அவர் வாய் திறந்தபோது, பொய் வழக்கு, போலிச் சாட்சியம், நிராயுதபாணியைச் சுட்டுவிட்டு அவன் கையில் துப்பாக்கி வைத்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 70-க்கும் மேற்பட்ட காவலர்கள் மீது குற்றச்சாட்டின் நிழல் விழுந்தது. 100-க்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின. இந்தக் கதைகள் செய்தித்தாள்களில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தப் படம் உருவாகி வந்தது.

70 பேர் என்ற எண்ணை யோசித்துப் பாருங்கள், நடுவர் அவர்களே! அத்தனை பேரும் பிறக்கும்போதே அலான்சோவாகப் பிறந்திருப்பார்களா? ஒவ்வொருவருக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். மேலதிகாரி சொன்னதற்குச் சிரித்து வைத்த ஒரு காலை நேரம் இருந்திருக்கும். ஒரு தனி மனிதனின் அட்டூழியமாக இதை நினைத்தால் அந்த மனிதனைப் பிடித்து உள்ளே போட்டதும் நிம்மதியாகத் தூங்கலாம். அப்படித் தூங்கவிடாமல் செய்யும் பாத்திரம் ஜேக்.

நம் பட்டிமன்ற மேடைகளில் கும்பகர்ணனா வீடணனா என்று எத்தனையோ முறை வாதாடியிருக்கிறோம். தவறு செய்பவனோடு கடைசிவரை நிற்பதா, விட்டுப் பிரிவதா? அதே கேள்விதான் ஜேக்கின் கழுத்தைப் பிடிக்கிறது. அலான்சோவின் கூட்டாளிகளைக் கும்பகர்ணன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் அண்ணனின் முகத்துக்கு நேராகத் தவறைச் சொன்னவன். இவர்கள் பங்கு வாங்கிக்கொண்டு வாய்மூடியவர்கள். வீடணனுக்கோ, பிரிந்து போனால் சேர்வதற்கு ராமன் இருந்தான். ஜேக்குக்கு யார் இருக்கிறார்கள்? புகார் கொடுக்க வேண்டிய பெரிய அதிகாரிகள் மூன்று பேர் ஓர் உணவகத்தில் அலான்சோவோடு பேரம் பேசுவதைப் படம் காட்டிவிடுகிறது. மேலே இருக்கும் கதவும் சாத்தியாகிவிட்டது. போய்ச் சேர இடமில்லாமல் பிரிந்து வருகிறவனின் தனிமையை வசனமில்லாமல் நடிப்பது எவ்வளவு கடினம்! ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’யில் கூச்சப்படும் மாணவனாக வந்த அதே ஹாக், இங்கே அந்தக் கூச்சத்தைப் பயமாகவும் பிடிவாதமாகவும் மாற்றிவிடுகிறார்.

அப்புறம், எதிரணி நண்பர் எடுத்துச் சொன்ன கிங் காங் வசனம். அரங்கமே கைதட்டியது, எனக்கும் பிடித்த காட்சி அது. தெருவே வேடிக்கை பார்க்க, கிங் காங்கெல்லாம் என் கால் தூசுக்கு வராது என்ற அர்த்தத்தில் டென்சல் கர்ஜிக்கிறார். ஆனால் எப்போது கர்ஜிக்கிறார்? ஜேக் அலான்சோவின் கழுத்திலிருந்த பேட்ஜைப் பறித்து, பணப்பையை எடுத்துக்கொண்டு போன பிறகு. ஜேக்கைச் சுடுகிறவனைப் பணக்காரனாக்குவேன் என்று அலான்சோ தெருவாசிகளிடம் சொல்லிப் பார்க்கிறான். ஒருவரும் அசையவில்லை. ஒருவன் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, உன் வேலையை நீயே செய்துகொள் என்று ஒதுங்குகிறான். ஜேக்கைப் பத்திரமாகப் போக விடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் கர்ஜனை அது. அவ்வளவு பெரிய சத்தம் ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தால், முன்னால் அமைதியாக எதிர்த்து நின்றவன் எவ்வளவு பெரியவன் என்று தெரியும்.

பட முடிவில் வானொலிச் செய்தி வருகிறது. அதிகாரி அலான்சோ ஆபத்தான வாரண்ட் ஒன்றை நிறைவேற்றும்போது உயிரிழந்தார் என்று சொல்கிறது. அவனைக் கொன்றது, அவன் கடன்பட்டிருந்த ரஷ்யக் கும்பல். துறை அவனை வீரனாக்கிவிட்டது. உண்மை முழுவதும் தெரிந்தவன் ஜேக். அந்த உண்மையைச் சுமந்துகொண்டு மறுநாள் அவன் எந்த வாசலில் போய் நிற்பான் என்ற கவலை, படம் முடிந்த பிறகும் என்னை விடவில்லை.

கடைசியாக, நான் சொல்கிறேன் என்ற அந்த இடம். அலான்சோ ஜேக்கை ஸ்மைலி என்ற ரவுடியின் வீட்டில் விட்டுவிட்டு நழுவிவிடுகிறான். ஜேக்கைக் கொல்லப் பணம் கொடுத்தாகிவிட்டது. சீட்டாட்டம் நடக்கிறது. பேச்சு மெல்ல மெல்லத் திசை மாறுகிறது. அடித்து இழுத்துக் குளியல் தொட்டியில் போட்டு, முகத்துக்கு நேரே துப்பாக்கியை வைக்கிறார்கள். எனக்குப் பெண் குழந்தை இருக்கிறது என்று கதறுகிறான் ஜேக். நாள் முழுக்க அடக்கிய அழுகை உடைகிற இடம் அதுதான். அப்போது அவன் பையில் ஒரு பர்ஸ் கிடைக்கிறது. காலையில் சந்து ஒன்றில் இரண்டு பேர் பள்ளிச் சிறுமி ஒருத்தியைச் சீரழிக்கப் பார்த்தபோது, ஓடும் காரிலிருந்து குதித்து ஜேக் அவளைக் காப்பாற்றினான். அலான்சோ நின்று வேடிக்கை பார்த்தான். அங்கே கிடந்த அவளுடைய பர்ஸை எடுத்து வைத்திருந்தான் ஜேக். அவள் ஸ்மைலியின் உறவுக்காரப் பெண். ஸ்மைலி அவளுக்கு போன் போட்டு விசாரிக்கிறான். அந்தச் சில நிமிடங்களில் ஹாக்கின் முகத்தில் உயிர் போய்ப் போய்த் திரும்புகிறது. பார்க்கிறவர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்தக் காட்சி நடக்கும்போது அலான்சோ அந்த வீட்டிலேயே இல்லை. டென்சலின் குரல் இல்லை, சிரிப்பு இல்லை, நிழல்கூட இல்லை. படத்தின் மிகக் கூர்மையான பத்து நிமிடத்தை யார் தாங்குகிறார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.