பட்ட காலுக்கு ஒரு மிதவை
(வாழைச்சேனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய பிரதேச செயலாளர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, மீனவர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு வாய்ப்பாடு சொல்லித்தந்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை அவர்களே, பெரியோரே, தாய்மாரே, வணக்கம். எனக்குத் தந்த பத்து நிமிடத்தில் நான்கை, என்னைப் புகழ்வதிலேயே தலைவர் செலவழித்துவிட்டார். அவருக்கு நன்றி.

சூடாகும் கடலில் முருகைக்கல், அதாவது பவளப்பாறை, எப்படித் தாக்குப்பிடிக்கிறது, எப்படி மீள்கிறது, பழைய சுண்ணாம்புச் சூளைகள் அதை என்ன செய்தன என்று மூன்று விடயங்களை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்.

முருகைக்கல்லைக் கட்டுவது சின்னஞ்சிறு உயிர்கள். அவற்றின் உடலுக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. நிறம் தருவதும் பெரும்பங்கு சோறு போடுவதும் அதுதான். கோடை உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு பாகை ஏறிச் சில வாரம் நின்றால் முருகை அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். அப்போதும் உயிர் இருக்கும், பட்டினி கிடக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பிவரும். மான்கொம்பு போலக் கிளைத்தவை முதலில் சாகும், உருண்டுதிரண்டவை கூடுதலாகத் தாங்கும். 1998இல் உலக முருகைப் பார்களில் ஏறத்தாழ 16 வீதம் அழிந்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறலை அறிவித்தார்கள். பட்ட காலிலே படும் என்பார் என் அம்மம்மா.

கொழும்பிலிருந்து வந்த என் மச்சானைப் பாசிக்குடாவில் கண்ணாடி அடித்தளப் படகில் ஏற்றினேன். மச்சான் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்திருந்தார். படகோட்டித் தம்பி, "ஐயா, கீழே பாருங்கள், பூந்தோட்டம்!" என்றார். சொன்ன வாய் மூடவில்லை, நங்கூரத்தைத் தூக்கி அந்தத் தோட்டத்திலேயே போட்டார். கண்ணாடிக்குக் கீழே ஒரு கிளை முறிந்து புழுதி கிளம்பியது. மச்சான் நிமிர்ந்து, "தம்பி, பூப் பறிக்கவும் கட்டணத்தில் சேர்த்தியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை. "கட்ட ஒரு இடம் காட்டுங்கள் ஐயா, கட்டுகிறேன்" என்றார். சுற்றிப் பார்த்தேன். படகைக் கட்ட ஒரு மிதவைகூட இல்லை. அன்றிலிருந்து ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் இன்னும் கடலில்தான் இருக்கிறது.

மீள்வதைச் சொல்ல வந்தேன். செத்த பாரில் புது முருகைக் குஞ்சுகள் ஒட்டச் சுத்தமான, உறுதியான தளம் வேண்டும். கிளிமீன் பாசியைக் கொறித்து அதைத் துப்புரவாக்கும். பிறகு பத்துப் பதினைந்து வருடம் யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும். இடையில் நங்கூரம் விழுந்தால்? பட்ட காலிலே படும்! பாசிக்குடாவுக்கு வடக்கே உள்ள காயங்கேணிக் கடலை 2019இல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் நங்கூரம் வர்த்தமானி வாசிப்பதில்லை.

மணலில் ஒரு சீமெந்துக் கட்டை, ஒரு கயிறு, மேலே ஒரு பந்து. நாம் கேட்பது இவ்வளவுதான். கடல் சூட்டை நம்மால் இங்கிருந்து தணிக்க முடியாது, கயிறு கட்ட முடியும்.

தலைவர் மணியடிக்கிறார். சூளைகள் அடுத்த கூட்டத்துக்கு. மிதவைக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. சங்கத் தலைவர் அவர்களே, தேநீருக்கு முன் முதல் கையெழுத்து உங்களுடையது.